விளக்கு எரிந்த அத்தியாயம்

ஒரு தொடர்கதையை நான் பொய்யாக வாசித்தேன். அதை எழுதியவன் என் நண்பன். கேட்டவர்கள் என்னை நம்பிய தோட்டத்து மக்கள். பொறாமையைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

போன வாரம் இந்தப் பகுதியில் பள்ளிக்கூடத்து மாமரத்தைப் பற்றி எழுதி இரண்டு பக்கங்களை நிரப்பினேன். நன்றாக இருந்ததாகச் சிலர் சொன்னார்கள். இதைத் தள்ளிப்போடத்தான் அதை எழுதினேன்.

தொட்டில்களுக்குக் கீழே

எழுபதுகளின் நடுப்பகுதி. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான் ஆசிரியன். தோட்டத்துக்கு வந்த வார இதழ் ஒன்றே ஒன்று. அது என் பெயருக்கு வரும். சனிக்கிழமை மாலை பஸ்காரர் சந்திப்பில் போட்டுவிட்டுப் போவார். ஞாயிறு மத்தியானம் அதை நான் ஆயாக் கொட்டகையில் உரக்க வாசிப்பேன்.

ரப்பர் பால் வெட்டப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் ஆயாக் கொட்டகை. ஞாயிறு அது காலியாக இருக்கும். உத்தரத்தில் தொங்கும் துணித் தொட்டில்களை முடிச்சுப் போட்டு மேலே ஏற்றியிருப்பார்கள். அவற்றின் கீழே சாக்கு விரித்து முப்பது, நாற்பது பேர் உட்காருவார்கள். மூத்திரமும் வசம்பும் கலந்த ஒரு வாடை. வெயில் ஏறினால் கொட்டகையின் பின்னால் கித்தா என்னும் ரப்பர் மரங்களில் விதைகள் படபடவென்று வெடிக்கும்.

அவர்களில் எழுத்துக்கூட்டத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் கதை என்றால் அது காதால் கேட்பது. வாசித்து முடித்த இதழைப் பிள்ளைகள் எடுத்துப்போய்ப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொள்வார்கள். பிறகு அந்த அத்தியாயத்தைப் பற்றி ஒரு பெரிய வழக்கு நடக்கும். எந்த இதழின் வாசகர் பகுதியிலும் அந்த மாதிரி அபிப்பிராயங்களை நான் பார்த்ததில்லை. அவற்றில் ஒன்றுகூட அச்சுக்குப் போனதில்லை. தபால்தலை ஒட்டி அனுப்பியவர்கள் மட்டும்தான் பத்திரிகைக்கு வாசகர்கள்.

எனக்குக் குரல் நன்றாக இருந்தது. தைப்பிங்கில் உறவினர் வீட்டில் தங்கித் தொடக்கப் பள்ளி படித்த காலத்தில் தகரக் கூரைமேல் மழை நிற்கவே நிற்காது. அந்தச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி பாடம் ஒப்பித்துப் பழகிய குரல். தாழ்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்துவேன், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவேன். நிறுத்தினால் முப்பது குரல்கள் சேர்ந்து “அப்புறம்?” என்று கேட்கும். அந்த “அப்புறம்” என்ற சொல்லுக்கு நான் அடிமையாகிப் போயிருந்தேன்.

ரத்தினம்

கதையை எழுதியவனை ரத்தினம் என்றே சொல்கிறேன். அவனுடைய புனைபெயர் வேண்டாம். ஈப்போவில் நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் படித்தோம். பள்ளி விட்டதும் ஈயம் தோண்டிக் கைவிட்ட லம்பத்துக் குட்டைக்கரையில் போய் உட்காருவோம். சுண்ணாம்பு மலை தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். “அதுதான் மச்சான் வேற கிரகம்” என்பான் அவன்.

ஐந்தாம் படிவப் பள்ளியிறுதித் தேர்வில் நான் நல்ல மதிப்பெண்ணோடு தேறினேன். அவன் தேறவில்லை. ஈப்போவில் ஒரு கடையில் ரேடியோ பழுது பார்க்கும் வேலைக்குப் போனான். கம்பி ஒட்டும் ஈயப் பற்றுக்கோலைப் பிடித்த அதே கையால் ராத்திரியில் கதை எழுதினான்.

‘தொலைமீன்’ என்பது அவனுடைய தொடரின் பெயர். பூமியில் மழை நின்றுபோகிறது. ஒரு பெரிய கப்பல் கட்டுகிறார்கள். இடம் கிடைத்தவர்கள் தூர நட்சத்திரம் ஒன்றுக்குப் போகிறார்கள், கிடைக்காதவர்கள் நிற்கிறார்கள். கப்பலை ஓட்டும் நிலவழகிக்கு ஒரே தம்பி. அவனுக்கு இடமில்லை. ‘நீ வரும்வரை குன்றின் மேல் விளக்கு வைப்பேன் அக்கா’ என்று அவன் சொல்லும் இடத்தோடு முதல் பாகத்தின் தொடக்கம். கப்பலுக்குள் கலகம், நோய், கடைசியில் புது மண்ணில் கால் வைப்பதோடு முடிவு.

முதல் பாகத்தை எழுத எழுத என்னிடம் காட்டினான். ஒற்று திருத்திக் கொடுத்தேன். சில இடங்களில் வாக்கியங்களையும் மாற்றினேன். இதழில் அது வந்து நாடு முழுக்கப் பேச்சானபோது, பாதிப் பெருமை என்னுடையது என்று எனக்குள் வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் பாகத்தை அவன் என்னிடம் காட்டவில்லை. “நீ எப்பப் பாத்தாலும் பிஸி லா, தொந்தரவு பண்ண வேணாம்னு பாத்தேன்” என்றான். அதே மாதத்தில் நான் அனுப்பிய நாவலை அந்த இதழ் திருப்பி அனுப்பியிருந்தது. இந்த இரண்டும்தான் காரணம். இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்பதுதான் எனக்கு இன்றும் வெட்கம்.

திரும்பு கப்பல்

‘திரும்பு கப்பல்’ என்ற இரண்டாம் பாகத்தில் நிலவழகி ஒரு சிறிய கப்பலைத் திருப்பிக்கொண்டு, விட்டு வந்தவர்களைத் தேடிப் பூமிக்குப் போகிறாள். வேறு பெரிய சம்பவம் கிடையாது. கொட்டகையில் அபிப்பிராயம் இரண்டாகப் பிரிந்தது.

முனியன் அண்ணன் பால் லோரியில் வேலை செய்பவர். முதல் பாகத்துச் சண்டைகளை நடித்தே காட்டுவார். அவருக்கு இது பிடிக்கவில்லை.

“என்னா வாத்தியாரே, ஒரு பொம்பள தனியா கப்பல்ல ஒக்காந்து யோசிச்சுக்கிட்டே இருக்கா. சண்ட எங்க? கோசோங் கப்பலா, காலியா இருக்கு!”

“ஒமக்கு எப்பப் பாத்தாலும் சண்டதான் அண்ணே” என்றாள் பாக்கியம் அக்கா. “வீட்ல போடுறது பத்தலியா?”

கொட்டகை சிரித்தது.

வேகமாகப் போகும் கப்பலுக்குள் காலம் மெதுவாக ஓடும் என்று ரத்தினம் ஒரு வாரம் விளக்கியிருந்தான். நிலவழகிக்கு நான்கு ஆண்டு என்றால் தம்பிக்கு நாற்பது ஆண்டு. முனியன் அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார்.

“அதெப்படி லா? அவளுக்கு நாலு, இவனுக்கு நாப்பதா? எந்தக் கிராணி போட்ட கணக்கு இது? நம்ம ஆபீஸ் கிராணியா?”

“கணக்கு சரிதான் அண்ணே” என்றாள் பாக்கியம் அக்கா. “போனவங்களுக்கு நாளு ஓடிரும். இருக்கிறவங்களுக்குத்தான் ஓடாது.”

யாரும் சிரிக்கவில்லை. அவள் கணவர் சின்னையா தமிழ்நாட்டில் தன் ஊருக்குப் போய் அப்போது சில ஆண்டுகள் ஆகியிருந்தன. குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாளக் கார்டுக்காரர் அவர். வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நாட்களில் வரிசை வீடுகள் கொண்ட ஒவ்வொரு லயத்திலிருந்தும் இப்படி யாராவது பினாங்கு போய்க் கப்பல் ஏறினார்கள். பாக்கியம் அக்கா இங்கே பிறந்தவள், குடியுரிமையுள்ள நீலக் கார்டுக்காரி. இரண்டு பெண்பிள்ளைகளோடு நின்றுவிட்டாள். ‘காயிதம் சரியானதும் வந்துர்றேன்’ என்று சொல்லிப் போனவர் வரவில்லை.

அவள் ஒரு ஞாயிறுகூடத் தவறவிட்டதில்லை. எப்போதும் கம்பத்தில் சாய்ந்து, ஒட்டுப்பால் கறை படிந்த விரல்களைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தம்பி விளக்கு வைக்கும் வரிகள் வந்தால் மட்டும் நிமிர்வாள். அந்தத் தம்பி அவள்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் வாசித்தது

முதலில் குரலைத்தான் குறைத்தேன். நல்ல வரிகளை ஓடவிட்டேன், சாதாரண வரிகளை இழுத்தேன். பிறகு பத்திகளைத் தாண்டினேன். “இப்பல்லாம் முன்ன மாதிரி எழுத மாட்றாரு இல்ல?” என்று யாராவது சொன்னால், “என்ன செய்வது, அவருக்கு வேலை அதிகம்” என்று பெருந்தன்மையாகப் பதில் சொல்வேன். அந்த ருசி எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் நிலவழகி பூமியில் இறங்கும் வாரம் வந்தது.

சனிக்கிழமையே வீட்டில் படித்துவிட்டேன். குன்றின் மேல் விளக்கு எரிகிறது. பக்கத்தில் கண் மங்கிய கிழவர் ஒருவர் உட்கார்ந்து திரியைத் தூண்டுகிறார். இவள் காலடி கேட்டு, யார் என்று கேட்கவில்லை. ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்கிறார். அவ்வளவுதான் அத்தியாயம். நான் விளக்கைத் தணித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என்னால் இப்படி எழுத முடியாது என்று அப்போது தெரிந்தது.

மறுநாள் இதழை விரித்துப் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததை வாசித்தேன். குன்று இருண்டு கிடந்தது என்றேன். விளக்கு வைத்த கல் உடைந்து கிடந்தது என்றேன். நிலவழகி கூப்பிட்டாள், காற்றைத் தவிர ஒன்றும் பதில் சொல்லவில்லை, காத்திருக்கிறேன் என்றவர்கள் என்றைக்கோ மறந்து போயிருந்தார்கள் என்றேன். தடங்கல் இல்லாமல் வந்தது. நிறுத்தினேன். ஒருவரும் “அப்புறம்” என்று கேட்கவில்லை.

பாக்கியம் அக்காதான் முதலில் எழுந்தாள்.

“போன எடத்துல ஒருத்தரும் இருக்க மாட்டாங்கன்னா, எதுக்கு சார் அவ்ளோ தூரம் போவணும்?” என்றாள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

அன்று பிள்ளைகள் அட்டை போட இதழைக் கேட்டார்கள். “சாருக்கு வேணும்” என்று பையில் மடித்து வைத்துக்கொண்டேன். பிறகு வந்த இதழ்களும் என் பெட்டிக்குள்ளேயே போயின. ஒரு பொய்யைச் சொன்னபின் வாரா வாரம் அதைத் தொடர்ந்து எழுத வேண்டியிருந்தது. எந்தப் பத்திரிகையும் போடாத என் தொடர்கதை இப்படித்தான் வெளியாயிற்று.

ஈப்போ மண்டபத்தில்

சில வாரங்கள் கழித்து, ‘திரும்பு கப்பல்’ பற்றி வாசகர்களின் கருத்தைக் கேட்க ஈப்போவில் ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். தோட்டத்து மக்கள் போவதை எப்படியாவது தடுத்துவிடலாம் என்று பார்த்தேன். முனியன் அண்ணன் அதற்குள் தெரிந்தவரிடம் லோரி பேசிவிட்டார். பெண்கள் பூ வைத்துக்கொண்டு ஏறினார்கள். பலருக்கு அது ஒரு கல்யாணத்துக்குப் போவது போல.

பட்டணத்து வாசகர்கள் முதலில் பேசினார்கள். முதல் பாகத்தின் வேகம் இல்லை என்றார் ஒருவர். விஞ்ஞானம் குறைவு, கண்ணீர் அதிகம் என்றார் இன்னொருவர். ஒரு வங்கி அதிகாரி, இரண்டாம் பாகம்தான் உயர்ந்தது, முதல் பாகம் அதற்கு முன்னுரை என்றார். ரத்தினம் மேடையில் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சட்டையை அவன் அன்றுதான் வாங்கியிருக்க வேண்டும், மடிப்பு அப்படியே இருந்தது.

முனியன் அண்ணன் கையைத் தூக்கினார். ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள்.

“ஐயா, நாங்க தோட்டத்துலேருந்து வாரோம். கத நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தப் புள்ள அவ்ளோ தூரம் வந்து எறங்குது, ஒரு வெளக்கு இல்ல, ஒரு ஆளு இல்ல. இருட்டுல விட்டுட்டீங்களே லா! அந்தத் தம்பிய எங்கய்யா கொண்டுபோய்ப் போட்டீங்க?”

மண்டபம் ஒரு கணம் விழித்தது. பிறகு சிரித்தது.

“பெரியவரே, எந்தக் கதையச் சொல்றீங்க?” என்றார் யாரோ. “வேற பத்திரிகைய வாங்கிட்டாரு போல!” “படிச்சாரா, கனவு கண்டாரா?”

முனியன் அண்ணன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரத்தினம் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து வந்து ஒலிவாங்கியை வாங்கினான்.

“யாரும் சிரிக்க வேணாம். அண்ணன் சொல்றதும் இந்தக் கததான். அப்படி ஒரு அத்தியாயமும் இருக்கு. அத நான் மாத்திட்டேன்.” அவன் குரல் இறங்கியது. “அண்ணே, அது என்னோட தப்பு. மன்னிச்சிருங்க.”

கூட்டம் முடிந்து வெளியே குழாயடியில் நின்றேன். அவன் வந்து முகம் கழுவினான். துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான்:

“ஒனக்குப் புடிக்கலன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாம் லா, மச்சான்.”

லோரியில்

திரும்பும்போது மழை தூறியது. தார்ப்பாயை இழுத்துவிட்டார்கள். முனியன் அண்ணன் கதவோரம் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார். பூக்கள் வாடிய வாசனை.

பாக்கியம் அக்கா என் பக்கம் சாய்ந்து கேட்டாள்: “சார், பக்கத்துல இருந்த அம்மா வெளக்கு எரிஞ்சுச்சுன்னு சொல்றாங்க. நெசமா?”

“ரெண்டு விதமா அச்சாகியிருக்கும் அக்கா. அவரே சொன்னாரே” என்றேன்.

ரத்தினம் அவர்களைக் காப்பாற்றச் சொன்ன பொய்யை எடுத்து என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். “நம்ம இதழ்ல இருட்டுதான்.”

“ஓ” என்றாள் அவள். நான் வாத்தியார், நம்பினாள்.

அந்த மாதத்திலேயே ஊருக்குப் போய் வந்த ஒருவர் சின்னையாவிடமிருந்து சேதி கொண்டுவந்தார். ‘இனிமே எனக்கு அங்க வர வழியில்ல. புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுக் கெளம்பி வா. நாகப்பட்டணத்துல நான் நிப்பேன்.’ அவள் போகவில்லை. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் காரணம் கேட்டபோது, “அங்க யாரு நிக்கப் போறா? எறங்கிப் பாத்தா இருட்டாத்தான் கெடக்கும்” என்றாளாம். என் மனைவி வந்து சொன்னாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எழவில்லை.

‘திரும்பு கப்பல்’ இன்னும் ஆறேழு வாரம் ஓடிப் பாதியில் நின்றது. ஆசிரியருக்கு உடல்நலம் இல்லை என்று இதழில் போட்டார்கள். அவன் அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை. கொட்டகையில் வாசிப்பும் நின்றது. முனியன் அண்ணன் மறுபடி எந்தக் கதைக்கும் அபிப்பிராயம் சொல்லி நான் கேட்டதில்லை. யாராவது வம்புக்கு இழுத்தால், “நமக்கு என்னா தெரியும்?” என்பார். தான் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டதாகவே எண்ணி அவர் இறந்துபோனார்.

ரேடியோக் கடை

எண்பதுகளின் பிற்பகுதியில் தோட்டம் கைமாறியது. மரங்களைச் சாய்த்தார்கள், லயங்களை இடித்தார்கள். மக்கள் பிரிந்து போனார்கள். சிலர் தஞ்சோங் மாலிம் பக்கம், பலர் ஈப்போவின் அடுக்குமாடி வீடுகளுக்கு. நானும் மாற்றலாகி ஈப்போ வந்துவிட்டேன். வீடு மாறியபோது பெட்டியின் அடியில் அந்த இதழ்கள் இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு ரத்தினத்தின் கடைக்குப் போனேன்.

கடை இப்போது அவனுடையது. ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். பற்றுக்கோலைத் தாங்கியில் வைத்துவிட்டுக் கேட்டான். முடிந்ததும் எதிர்க்கடையிலிருந்து இரண்டு கோப்பி சொன்னான்.

“எங்கிட்ட எதுக்கு வந்த? எனக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியும். தெரியாதவங்க இருக்காங்க இல்ல, அவங்ககிட்ட போய் வாசி.”

“முடிவை எழுதித் தருவியா?” என்று கேட்டேன்.

“முடிவா?” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் கோபம் இருந்திருந்தால் என்னால் தாங்க முடிந்திருக்கும். “மறந்துட்டேன் மச்சான். நெசமா லா. யோசிச்சுப் பாக்குறேன், வர மாட்டேங்குது.”

மூன்றாவது மாடி

பாக்கியம் அக்கா ஈப்போவில் ஒரு கிளினிக்கில் கூட்டித் துடைக்கும் வேலையில் இருந்தாள். ஒரு ஞாயிறு மத்தியானம் போனேன். மின்தூக்கி பழுது, படியேறினேன். மூத்தவளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது, இளையவள் தொழிற்சாலையில் வேலைக்குப் போயிருந்தாள். சுவரில் சின்னையாவின் படம், மாலையோடு. ஊரிலேயே இறந்துவிட்டார் என்று ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன்.

“வாங்க சார். மெலிஞ்சிட்டீங்க” என்றாள்.

சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பழுத்துப்போன இதழை விரித்து வாசிக்கத் தொடங்கினேன். குன்று, விளக்கு, திரியைத் தூண்டும் கிழவர், காலடிச் சத்தம், ‘சாப்பிட்டாயா?’

அவள் சாய்வதற்குக் கம்பத்தைத் தேடுவது போலப் பின்னால் கை வைத்துச் சுவரைத் தொட்டாள்.

“இன்னொரு தடவ வாசிங்க.”

வாசித்தேன்.

“அன்னைக்கே இப்படித்தான் இருந்துச்சா? நீங்க வாசிச்ச அன்னைக்கே?”

“ஆமாம்.”

கீழே ஐஸ்கிரீம் வண்டியின் மணி அடித்துக்கொண்டு போனது.

“கதையக் கேட்டா நான் போவாம இருந்தேன்? அப்படி எல்லாம் நெனச்சுக்காதீங்க. புள்ளைங்க படிப்பு இருந்துச்சு. டிக்கெட்டுக்குக் காசு இல்ல. தெரியாத ஊரு. ஆயிரம் இருந்துச்சு.” கொஞ்சம் நிறுத்தினாள். “ஆனா அதயெல்லாம் சமாளிச்சிருப்பேனோ என்னமோ.”

“என்னை மன்னிச்சிருங்க அக்கா.”

மீதி அத்தியாயங்கள் பையில் இருப்பதாகவும், அடுத்தடுத்த ஞாயிறுகளில் வந்து வாசிப்பதாகவும் சொன்னேன். வேண்டாம் என்று கையை அசைத்தாள். எழுந்து வந்து இரும்புக் கதவைத் திறந்து பிடித்தாள். நான் செருப்பு மாட்டும்வரை நின்றாள்.

“இத்தன நாளும் வெளக்கு வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தது நான்னு நெனச்சிருந்தேன் சார்” என்றாள். “அவரு போயிட்டாரு, நான் காத்திருந்தேன், அவ்ளோதான்னு. மனசு ஆறிப்போய்க் கெடந்துச்சு.”

படத்தின் பக்கம் திரும்பவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

“வச்சிருந்தது அவருதான் போல.”

கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. படிகளில் இறங்கினேன்.